உள்ளே இருந்த காகிதம்



பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். கோப்பி கலந்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிங்க. வழக்கமாக நான் கோயில் தொண்டு பற்றித்தான் இங்கே எழுதுவேன். காய் நறுக்க ஆள் வேணும், அன்னதானத்துக்குப் பரிமாற ஆள் வேணும், இப்படித்தான். இன்னிக்கு ஒரு ஜெர்மன் பலகாரம் பற்றி எழுதப் போறேன். "என்ன அண்ணே, பாதை மாறிட்டீங்களா?"ன்னு கேட்காதீங்க. கடைசியில் இதுவும் கோயில் சமையல்கட்டுக்குத்தான் வந்து சேரும்.

கார்த்திகை பிறந்ததும் கிளமெண்டியில் எங்க வீட்டுச் சமையலறையில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, தீபத்துக்குப் பொரி உருண்டையும் அப்பமும். இன்னொன்று, ஷ்டோலன். ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பழ ரொட்டி. 2018-க்கு அப்புறம் ஒரு வருஷமும் விட்டதில்லை. நான் செக்கண்டரி நாலோடு படிப்பை நிறுத்தியவன். ஜூரோங்கில் இரும்பு, அலுமினியப் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருபது வருஷத்துக்கு மேலாக சைவம், முட்டைகூடக் கிடையாது. எனக்கும் இந்தப் பலகாரத்துக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்பதைச் சொல்கிறேன்.

2009-ல் எங்க தொழிற்சாலைக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். மெஷின் பழுது பார்க்கிற எஞ்சினியர். டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாங்கள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆனால் பெயரை இங்கே போட்டால் அவருக்குப் பிடிக்காது. கறாரான மனுஷன். ஒரு நூலளவு பிசகினாலும் மெஷினை நிறுத்திவிடுவார். சிரிப்பு ரொம்பக் கம்மி.

அந்த வருஷம் டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், வெள்ளித்தாளில் சுற்றிச் சிவப்பு நூல் கட்டிய ஒரு கட்டியை என் மேசையில் வைத்தார். செங்கல் மாதிரி கனம். "என்ன இது?"ன்னு கேட்டேன். "ஸ்டோலன்"ன்னு என் காதில் விழுந்தது. இங்கிலீஷில் அது 'திருடினது'தானே? "எங்கே திருடினீங்க?"ன்னு கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல் தடவை பார்த்தேன். தானே வீட்டில் செய்தது என்றார். இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னேன்.

சாப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் கேக் என்றால் முட்டை இருக்கும், பழத்தை ரம்மில் ஊறப்போட்டிருப்பார்கள், இது யாருக்குத் தெரியாது? வீட்டுக்கு எடுத்து வந்து, புளோக் கீழே துப்புரவு வேலை செய்யும் சீனர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கும் சந்தோஷம். எனக்கும் மனசில் ஒன்றும் உறுத்தவில்லை. வாங்க மறுத்தால்தானே மரியாதைக் குறைவு? நான் மரியாதையாக வாங்கிக்கொண்டேனே.

அடுத்த வருஷமும் கொடுத்தார். அதற்கடுத்த வருஷமும். 2009-லிருந்து 2017 வரை ஒன்பது டிசம்பர், ஒன்பது பொட்டலம். ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை.

2018 நவம்பரில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று செய்தி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "போன வருஷம் செய்தது எப்படி இருந்தது?"ன்னு கேட்டார். "ரொம்ப நல்லா இருந்தது"ன்னேன். "அதில் ஒரு வாசனை கூடுதலாகப் போட்டேன். தெரிந்ததா?" "தெரிந்தது. நல்ல வாசனை." "ஏலக்காய்! உனக்காகத்தான் போட்டேன்"ன்னு சொல்லி முகம் மலர்ந்து போனார் மனுஷன். சோறு எனக்கு இறங்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் எங்க மலாய் நண்பர், கியூசி செக்ஷன். ஜெர்மன்காரர் எழுந்து போனதும், "பாங், நீ சாப்பிட்டியா, உண்மையைச் சொல்லு"ன்னார். என் முகம் காட்டிக் கொடுத்திருக்கணும். ஒத்துக்கொண்டேன். "முட்டை, ரம், இதெல்லாம் நமக்கு ஆகாதே"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உள்ளே காகிதம் இருக்குமே, பார்க்கலையா?"

"என்ன காகிதம்?"

அப்புறம்தான் கதை தெரிந்தது. முதல் வருஷமே இவர் நேராகப் போய்க் கேட்டிருக்கிறார். "இதில் என்னென்ன இருக்கு? நான் முஸ்லிம், ரம் இருந்தால் சாப்பிட முடியாது." ஜெர்மன்காரர் வருத்தப்படவில்லை. "நல்லவேளை கேட்டாய்"ன்னு சொல்லி, கூடவே என்னைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். "அவர் கோயில்காரர். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது"ன்னு இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷத்திலிருந்து எங்க ரெண்டு பேருக்கும் தனியாக, ரம் இல்லாமல் ஆப்பிள் ஜூஸில் பழத்தை ஊறவைத்துச் செய்திருக்கிறார். வெள்ளித்தாளுக்கு உள்ளே, இன்னொரு தாளுக்கு மேலே, ஒரு சின்னக் காகிதம். கைப்பட எழுதியது. 'முட்டை இல்லை. ரம் இல்லை. மாவு, வெண்ணெய், பால், பழம், பாதாம்.' எட்டு வருஷம் எழுதி வைத்திருக்கிறார். பிரித்திருந்தால் படித்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார் நண்பர். அந்தப் பலகாரத்தில் முட்டை எப்பவுமே கிடையாதாம். டிரெஸ்டன் முறையில் முட்டை சேர்க்காமல்தான் செய்வார்களாம். எனக்காக எடுத்ததுகூட இல்லை, இயல்பிலேயே இல்லை! யாருக்குத் தெரியாதுன்னு நினைத்தேனே, எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "என்னங்க, நாம கொடுக்கிற பிரசாதத்தை ஒருத்தர் ஒன்பது வருஷம் வாங்கி வாங்கிக் குப்பைக்காரர் கையில் கொடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன்னால் அவர் மேசைக்குப் போனேன். "நான் பொய் சொன்னேன். ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. முட்டை இருக்கும்னு நினைத்துவிட்டேன்"ன்னேன். கையில் இருந்த டயல் கேஜைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கேட்டிருக்கலாமே"ன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்புறம் கேட்டார். "உன் வீட்டில் ஓவன் இருக்கா?"

இருந்தது. மகளுக்காக வாங்கிய சின்ன மேசை ஓவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பையும் ஒரு தராசும் எடுத்துக்கொண்டு எங்க வீட்டுக்கு வந்துவிட்டார்.

வருவதற்கு முன்னால் சாமான் பட்டியல் கொடுத்திருந்தார். நான் தேக்காவுக்குப் போய் முஸ்தபாவில் பாதாம், உலர் திராட்சை, சாதிக்காய், ஏலக்காய் எல்லாம் வாங்கினேன். சர்க்கரையில் ஊறிய பழம் என்று எழுதியிருந்தது. நம்ம டூட்டி ஃப்ரூட்டி பாக்கெட்டை வாங்கி வைத்தேன், பச்சை, சிவப்பு, மஞ்சள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "இது பப்பாளி"ன்னு தள்ளி வைத்துவிட்டார். உண்மைதான், பச்சைப் பப்பாளிக்காயில்தான் அதைச் செய்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஆரஞ்சுத் தோலும், சிட்ரோன் என்ற பழத்தின் தடித்த தோலும்.

சிட்ரோன் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "அட, நம்ம நார்த்தங்காய் ஜாடையில்ல இருக்கு!"ன்னாள். ஊரிலிருந்து வந்த உப்பு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்து ஒரு துண்டு கொடுத்தாள். மனுஷன் முகம் சுருங்கிப் பிறகு விரிந்தது. "உங்கள் ஊரில் உப்பு, எங்கள் ஊரில் சர்க்கரை. தோல் ஒன்றுதான்"ன்னார். ஆரஞ்சுத் தோலை நாங்களே செய்தோம். தோலைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்து, மறுபடி கொதிக்கவைத்து, மூன்று தடவை. கசப்பு இறங்கின பிறகு சர்க்கரைப் பாகில் போட்டுச் சிறு தீயில், தோல் கண்ணாடி மாதிரி ஆகும்வரை. நெல்லிக்காயைப் பாகில் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

அவர் எதையும் கண்ணளவில் போடவில்லை. "எடை போடாமல் செய்தால் அது சமையல் இல்லை, அதிர்ஷ்டம்"ன்னார். டிரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயருக்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு இருக்கு, நம்ம பழநி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி. அந்தப் பெயரில் விற்கணும்னா நூறு பங்கு மாவுக்கு வெண்ணெய் 50 பங்குக்குக் குறையக்கூடாது, உலர் திராட்சை 65, ஊறிய தோல் 20, பாதாம் 15. மார்ஜரின் சேர்க்கவே கூடாது. நாங்கள் போட்டது அதே கணக்கு. மாவு 500 கிராம், வெண்ணெய் 250, திராட்சை 325, தோல் 100, பாதாம் 75. கூடவே சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைத் தோல் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை சாதிக்காய். திராட்சையை முதல்நாள் ராத்திரியே ஆரஞ்சு ஜூஸில் ஊறப்போட்டிருந்தோம்.

முதலில் கொஞ்சம் மாவில் வெதுவெதுப்பான பாலும் ஈஸ்டும் கலந்து அரைமணி நேரம் வைத்தார். ஆப்ப மாவு மாதிரி நுரைத்து வந்தது. நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரம் பொங்குகிறது என்று ஆச்சரியப்பட்டார். பிறகு மீதி மாவும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்தோம். வெண்ணெய் இவ்வளவு இருப்பதால் மாவு கனத்து மெதுவாகத்தான் எழும்பும், அவசரப்படக் கூடாது. பழத்தைக் கடைசியில்தான் சேர்க்கணும், முதலிலேயே போட்டால் நசுங்கி மாவு கறுத்துப் போகும்.

மாவு எழும்பக் காத்திருந்த நேரத்தில் அவர் சொன்ன கதை ஒன்று. 1474-லேயே டிரெஸ்டன் ஊர் மருத்துவமனைக் கணக்கில் இந்த ரொட்டியின் பெயர் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள் விரத காலம். வெண்ணெய், பால் ரெண்டும் விலக்கு. மாவு, தண்ணீர், எண்ணெய் மட்டும்தான். ருசியே இருக்காது. ஊர் அரசர்கள் ரோமில் இருந்த போப்பாண்டவருக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1491-ல்தான் அனுமதிக் கடிதம் வந்தது. அதற்குப் பெயரே 'வெண்ணெய்க் கடிதம்'. சும்மா இல்லை, வெண்ணெய் சாப்பிடுகிறவர்கள் காணிக்கை கட்டணும், அது ஃப்ரைபெர்க் என்ற ஊரில் பேராலயத் திருப்பணிக்குப் போகும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பணி உண்டியல் எந்த ஊரிலும் இருக்கு போல! அப்புறம் எங்க மார்கழி பற்றிச் சொன்னேன். ஆண்டாள் நோன்பிலும் நெய்யும் பாலும் விலக்கு. மார்கழி 27, கூடாரவல்லி அன்றைக்குத்தான் நெய் மிதக்க அக்காரவடிசல். அவர் கவனமாகக் கேட்டார். "அப்படியானால் உங்களுக்கு யாரும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை"ன்னார். பதினோரு வருஷம்... இல்லை, ஒன்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தோம். அவர் சாமியைப் பற்றி நானும் கேட்டதில்லை, என் சாமியைப் பற்றி அவரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பேசினோம், மாவு எழும்புகிற நேரத்தில்.

மாவை இரண்டாகப் பிரித்து, நீளமாகத் தட்டி, நடுவில் அழுத்தி, ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் மேல் மடித்தார். துணியில் சுற்றிய குழந்தை ஏசுவின் உருவம் என்று சொல்வார்களாம். "தொட்டில்ல கிடக்கிற பிள்ளை மாதிரியே இருக்கு"ன்னு வீட்டுக்காரம்மா அதைத் தட்டிலிருந்து ஓவனுக்கு மாற்றும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். மேலே துருத்தி நிற்கிற திராட்சையைப் பொறுக்கிவிடணும், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். 170 டிகிரியில் சுமார் 50 நிமிஷம். வெளியே எடுத்ததும் சூட்டோடு உருக்கின வெண்ணெயைத் தடவித் தடவி, அது குடிக்கிற வரைக்கும் கொடுத்து, மேலே பொடித்த சர்க்கரை, வெள்ளைப் போர்வை மாதிரி.

வீடு முழுக்க வாசனை. நான் கத்தியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு இல்லை. மூன்று வாரம் கழித்து."

அதுதான் இதன் சூட்சுமம். சுட்ட அன்றைக்கே சாப்பிட்டால் வெறும் ரொட்டி. சுற்றி வைத்தால் பழத்தின் ஈரம் மெதுவாக மாவுக்குள் இறங்கும், வாசனைகள் ஒன்றோடொன்று கலக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் கெட விடாது. நம்ம பஞ்சாமிர்தம் தண்ணீர் படாமல் பல நாள் நிற்கிற மாதிரிதான். அவர் ஊரில் குளிர்ந்த அறையில் வைப்பார்கள். ரம் இல்லாததாலும், நம்ம ஊர்ப் புழுக்கத்தாலும் நாங்கள் குளிர்பெட்டியில் வைத்தோம்.

டிசம்பர் நடுவில் அவர் ஊருக்குக் கிளம்பினார். அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்க வீட்டில் பிரித்தோம். மலாய் நண்பரும் வந்திருந்தார். நடுவில் வெட்டணும், ஓரத்திலிருந்து இல்லை. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால் உள்ளே காயாது. ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். முதலில் சர்க்கரை, பிறகு வெண்ணெய், கடைசியில் அந்த ஆரஞ்சுத் தோலின் இனிப்பும் லேசான கசப்பும். நல்லா இருந்தது என்று சொல்வதற்குப் பதிலாக நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "ஏலக்காய் தெரிகிறதா?"ன்னார்.

இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்தது.

அடுத்த வருஷம் நான் தனியாகச் செய்தபோது பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். ஈஸ்ட் செத்துப் போச்சு. வந்தது ரொட்டி இல்லை, அம்மிக்கல். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஆறுதல் சொல்வார்னு பார்த்தால், "பால் எத்தனை டிகிரி?"ன்னு ஒரு வரி பதில். இப்போதெல்லாம் தெர்மாமீட்டர் வைத்து 35 டிகிரி பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

சிலர் கேட்பீங்க, இதைக் கோயிலுக்குக் கொண்டு போவீங்களான்னு. இல்லை. கோயிலுக்குள் கோயில் முறைப்படி என்ன நைவேத்தியமோ அதுதான். இது வீட்டுப் பலகாரம். தொண்டர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பேன். ஆனால் அந்த ஜெர்மன்காரரிடம் கற்றுக்கொண்ட ஒன்றைக் கோயிலுக்குள் கொண்டு போனேன்.

எங்க அன்னதானத்துக்கு ஒரு சீனப் பாட்டி அடிக்கடி வருவார். சாமி கும்பிட்டுவிட்டு வரிசையில் நிற்பார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்குவார், நான் அந்த வெள்ளித்தாள் பொட்டலத்தை வாங்கினேனே, அதே மாதிரி. ஒரு நாள் எனக்குச் சுருக்குன்னு தைத்தது. "பாட்டி, இதை நீங்க சாப்பிடுவீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு இனிப்பு நீர். பேரனுக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன்"ன்னார். எத்தனை மாசமா இப்படி வாங்கிக்கொண்டிருந்தாரோ! இப்போது அவருக்குச் சுண்டல் எடுத்து வைக்கிறோம். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டையும் வைத்திருக்கிறோம். இதில் நெய், இதில் பால், இதில் முந்திரி. தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிற முறுக்கு டப்பாவிலும் எழுதுகிறேன். ஆனால் உள்ளே வைப்பதில்லை. மூடிக்கு மேலேயே ஒட்டிவிடுகிறேன். என்னை மாதிரி ஆள் எல்லா இடத்திலும் இருப்பார்கள் இல்லையா?

வாங்குகிற பக்கத்துக்கும் ஒன்று சொல்லணும். விரதம், ஆசாரம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எங்க மலாய் நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. நேராகக் கேட்டார், அடுத்த எட்டு வருஷமும் நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு அதற்கு மரியாதைன்னு பெயர் வைத்தேன். ஒரு மனுஷர் ராத்திரி கண் விழித்துச் செய்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு இந்த வருஷத்து ரொட்டி இரண்டு சுட்டாச்சு. குளிர்பெட்டியில் தூங்குது. டிசம்பர் நடுவில் பிரிப்போம். கிளமெண்டி பக்கம் வருகிறவர்கள் சொல்லிட்டு வாங்க, ஒரு துண்டு தருகிறேன். முட்டை இல்லை, ரம் இல்லை. வெண்ணெய் நிறைய இருக்கு, பாதாம் இருக்கு, கோதுமை இருக்கு. இனிப்பு நீர் இருக்கிறவர்கள் முன்னாடியே சொல்லிடுங்க, உங்களுக்கு வேற ஏதாவது எடுத்து வைக்கிறேன்.

எல்லோரும் நல்லா இருக்கணும். ஓம் நமசிவாய.